மேற்கு வார்டின் ஃபாக்ஸ்

கயோகோ பேருந்திலிருந்து இறங்கியபோது துறைமுகத்தில் பனி விழத் தொடங்கியிருந்தது. படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. மீன் கொட்டகைகளின் தகரக் கதவுகள் காற்றில் ஒன்றை ஒன்று கேட்டுப் பதில் சொல்வதுபோல் முனகின. அப்பாவைக் கையோடு தான் இருக்கும் செண்டாய் நகரத்துக்கு அழைத்துப் போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னது அவளைத் தூங்க விடவில்லை. "உங்கப்பா தினமும் பனியில மேட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போறார்மா. அன்னிக்கு வழியில விழுந்து கிடந்தார். தபால்காரர் பார்க்கலைன்னா விறைச்சே போயிருப்பார்."

அப்பா தொகுஜி பிறவியிலேயே காது கேளாதவர். படகுகளுக்குச் சாயம் பூசியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். வீட்டில் பேச்செல்லாம் கைகளால்தான். அவள் வாசலில் காலணியைக் கழற்றும்போதே அவர் கைகள் பேசத் தொடங்கிவிட்டன.

"செண்டாய்ல அரிசி கிடைக்கிறதில்லையா? எலும்பா நிக்கிற."

"உங்க கன்னத்துல என்ன காயம்?"

"பூனை பிராண்டிச்சு."

"நம்ம வீட்ல ஏதுப்பா பூனை?"

"அதான் பிராண்டிட்டு ஓடிப்போச்சே."

உள்ளே பூஜை மாடத்தில் அம்மா ஹருவேயின் படம் இருந்தது. அருகில் வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திக் கலசம். ஊதுவத்தியின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. சூடுபட்ட காகிதத்தின் வாசனை.

மூலையில் அந்தப் பழைய ஃபாக்ஸ் இயந்திரம் இருந்தது. கயோகோ பள்ளிக்கூடம் போகும் காலத்தில் வாங்கியது. மணி அடித்தால் அப்பாவுக்குக் கேட்காது என்பதால் அதன்மேல் ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு முன்னால், அம்மா வேலையிலிருந்து வரத் தாமதமானால் அப்பா தெருமுனையில் போய் நிற்பார். இயந்திரம் வந்த பிறகுதான் வீட்டுக்குள் உட்கார்ந்து காத்திருக்கப் பழகினார். 'ஃபாக்ஸ் என்றால் என்ன?' என்று அவர் எழுதிக் கேட்டதற்கு அம்மா எங்கோ விசாரித்துப் பதில் அனுப்பினாள். 'அதே போலச் செய் என்று அர்த்தமாம். நான் எழுதிய தாள் என்னிடமே இருக்கும். அதன் சாயல் மட்டும் உங்களிடம் வரும்.' காதில் போனை வைப்பதுபோல் ஒரு கை, தாள் நகர்வதுபோல் ஒரு கை. அவர்களுடைய சைகைப் பேச்சில் ஃபாக்ஸ் என்ற சொல் அப்படித்தான் இருந்தது. அம்மா நோயில் படுத்த பிறகும் மேட்டு ஆஸ்பத்திரியின் மேற்கு வார்டிலிருந்து சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தாள் வந்துவிடும்.

இருட்டத் தொடங்கியது. அப்பா இரண்டு கிண்ணங்களில் மிசோ சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

கயோகோவுக்கு மணி கேட்டது. அப்பா திடுக்கிடவில்லை. வரவேண்டியவர் வந்துவிட்டதுபோல் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். இயந்திரம் இருமி, முனகி, ஒரு தாளை மெல்ல வெளியே தள்ளியது.

அம்மாவின் கையெழுத்து.

'சாப்பிட்டீர்களா? இங்கே விளக்குகளை அணைத்துவிட்டார்கள். யாரும் வருவதில்லை. குளிர்கிறது. நாளைக்காவது உள்ளே வாருங்கள்.'

தாள் இளஞ்சூடாக இருந்தது.

"யாரோ விளையாடறாங்கப்பா," என்றாள்.

அப்பா இல்லையென்று தலையாட்டினார். "அவ குளிருதுன்னு எழுதும்போது கடைசி எழுத்து எப்பவும் கீழே இறங்கும். பாரு."

இறங்கித்தான் இருந்தது.

மறுநாள் கயோகோ ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மாவைக் கவனித்துக்கொண்ட ஓனோதெரா என்ற நர்ஸ் அவளைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துப் போனாள்.

"மேற்கு வார்டை மூடியாச்சுங்க. ஆள் போதலை. கட்டிலைத் தவிர எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. ஃபாக்ஸ், போன் லைன், எல்லாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பொழுது சாய்ஞ்சா எங்கள்ல யாரும் அந்தப் பக்கம் போறதில்லைங்க. என்னைக் கேட்காதீங்க."

அப்பா அங்கேதான் இருந்தார். மேற்கு வார்டின் பூட்டிய இரட்டைக் கதவின் முன்னால் ஒரு பெஞ்சு. பக்கத்தில் வெந்நீர்க் குடுவை, இரண்டு ஆரஞ்சுப் பழங்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்போல் முடியை நீர்தொட்டு வாரியிருந்தார்.

"பூட்டிட்டாங்கப்பா. உள்ள யாரும் இல்லை. எனக்கு ஒரு சத்தமும் கேட்கலை."

"காதால கேட்டா எப்படிக் கேட்கும்?" என்றன அவர் கைகள். அவளுடைய உள்ளங்கையை எடுத்துக் கதவின்மேல் வைத்தார்.

மரம் குளிர்ந்திருந்தது.

பிறகு அது அதிர்ந்தது.

லேசான, தயங்கித் தயங்கி வரும் அதிர்வு. யாரோ வெறுங்காலோடு உள்ளேயிருந்து கதவை நோக்கி நடந்து வருவதுபோல். கதவருகில் வந்து அது நின்றது.

அவள் கை வைத்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, மறுபக்கத்தில், ஒரு கை வந்து பதிந்தது.

காதில் ஒன்றுமே விழவில்லை.

வீடு திரும்பும் வழி முழுக்க இருவர் கைகளும் சட்டைப் பைக்குள் இருந்தன. வீட்டுக்கு வந்து அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேசையின் போர்வைக்குள் காலை நுழைத்த பிறகுதான் கயோகோ கைகளை உயர்த்தினாள்.

"அம்மாவுக்கு விஷயம் தெரியலைப்பா."

"தெரியும் எனக்கு, அவளுக்குத் தெரியலைன்னு."

"நீங்க என்ன பதில் போடறீங்க?"

"நாளைக்கு வரேன்னு."

"அப்ப அம்மா காத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க? இருட்டுல, அந்தக் குளிர்ல."

அப்பா கலசத்தைப் பார்த்தார். பிறகு அவர் கைகள் மிகச் சிறிதாக அசைந்தன. காது கேளாதவர்கள் கிசுகிசுப்பது அப்படித்தான்.

"நான் சொல்லிட்டா அவ எழுதறதை நிறுத்திடுவா கயோகோ. அப்புறம் எனக்கு யாரு எழுதுவா?"

கயோகோ நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பழைய சாய வாடை இன்னும் அந்த உடம்பில் இருந்தது.

கடைசியில் அவரே பேனாவை எடுத்தார். எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார்.

'ஹருவே, நீ இறந்துவிட்டாய். இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த நாள் அது. வலி இல்லாமல் போனாய். உன் எலும்புகளை நானும் கயோகோவும் சேர்ந்துதான் எடுத்து வைத்தோம். நீ இப்போது நம் வீட்டில், ஜன்னல் பக்கம் இருக்கிறாய். அங்கே யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இத்தனை நாள் உன்னிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை.'

தாள் உள்ளே போனது. அந்தப் பக்கம் யாரோ எடுத்துக்கொண்டதுபோல் இயந்திரம் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது.

சோறு ஆறிப்போனது. வெளியே பனி கூரையிலிருந்து சரிந்து விழுந்தது. விளக்கு எரியவில்லை. அப்பா அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எரிந்தது.

'அப்படியா. நினைத்தேன், வரவர யாரும் ஊசி போட வருவதே இல்லையே என்று. நல்லவேளை, நீங்கள் சொன்னீர்கள். வேறு யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். இங்கே மற்றவர்களுக்கும் தெரியாது, பாவம். நான் கிளம்புகிறேன். கயோகோவோடு போங்கள், பிடிவாதம் வேண்டாம்.'

அப்பா அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார், சூடு ஆறும்வரை. சிரித்தாரா, அழுதாரா என்று கயோகோவால் சொல்ல முடியவில்லை. "போற போக்குலயும் அடுத்தவங்க கவலைதான் இவளுக்கு," என்றன அவர் கைகள்.

அதன் பிறகு தாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. கதவில் கை வைத்தால் இனி வெறும் மரம்தான் இருக்கும் என்றார். செண்டாய்க்கு வர ஒப்புக்கொண்டு, தன் துணிகளைத் தானே மடித்து வைத்தார்.

கிளம்பும் நாள் நல்ல வெயில். பனி கண்ணைக் கூச வைத்தது. கயோகோ சமையல் கேஸை மூடினாள். மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அணைத்தாள். ஃபாக்ஸின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி, இயந்திரத்தின்மேலேயே வைத்தாள். வாசலில் டாக்சி நின்றது. அப்பா கலசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு காலணிக்குள் ஒரு காலை விட்டிருந்தார்.

அவர் அப்படியே நின்றார். அவர் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

கயோகோ திரும்பினாள்.

சுருட்டி வைத்த வயருக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மணி அடிக்கவில்லை. தாள் மட்டும் சத்தமின்றி இறங்கி வந்தது. அப்பா கலசத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, காலணியிலிருந்து காலை எடுத்து, உள்ளே போய் அதை எடுத்தார். படித்தார். மெல்லத் தரையில் உட்கார்ந்து, பையைத் திறந்து பேனாவைத் தேடத் தொடங்கினார்.

கயோகோ அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அம்மாவின் கையெழுத்து இல்லை. இப்போதுதான் எழுதக் கற்றுக்கொண்ட ஒரு குழந்தையின் எழுத்துகள், பெரிது பெரிதாய், கோடு தாண்டி.

'பக்கத்துக் கட்டில் பாட்டி போறப்ப இந்த நம்பரைக் குடுத்தாங்க. எங்கம்மா எப்ப வருவாங்க?'