கடைசிப் பல்லில் குடியிருந்தவள்

மதுரையில் முப்பது வயதுக்கு மேல் சொந்தப் பல்லோடு திரிகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றாகியிருந்த காலம். காது குத்துவதைப் போலப் பல் மாற்றுவதும் ஒரு வீட்டு விசேஷமாகிவிட்டது. சொந்தப் பற்களை எடுத்துவிட்டுக் காவல்வேர் பொருத்திக்கொள்வார்கள். தாடை எலும்பில் திருகும் உலோக வேர் அது. அதன்மேல் குடியேற்றப்பட்ட காவல் நுண்ணுயிர்கள், வாய்க்குள் நுழையும் வேற்றுக் கிருமி எதையும் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். சொத்தை இல்லை, ஈறு வீக்கம் இல்லை, வாய் நாற்றம்கூட இல்லை. மேடை மேடையாக ஏறி இதை ஊருக்குச் சொன்னவள் பல் மருத்துவர் சுகந்தி. சொல்வதற்கு முன் தன் பற்கள் அத்தனையையும் மாற்றிக்கொண்டவள். அவள் பேச்சில் நேர்மைக்குக் குறைவிருந்ததில்லை.

அன்று மதியம் அவள் முன் நாற்காலியில் சாய்ந்திருந்தவள் சீனியம்மாள். சுகந்தியின் மகள் ஆதிரையை ஆறு மாதக் குழந்தையிலிருந்து பதினோரு வயதுவரை பார்த்துக்கொண்டவள். ஆதிரை விஷக்காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சீனியம்மாளுக்கு என்ன வேலை? இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று, பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள். இப்போது வலது கன்னம் வீங்கி, உடம்பு அனலாகக் கொதிக்க வந்திருந்தாள்.

"இருக்கறது ஒத்தப் பல்லு டாக்டரம்மா. மத்ததெல்லாம் அதுஅதுவா விழுந்துருச்சு. இது மட்டும் மல்லுக்கு நிக்குது."

"இலவச முகாம்லயிருந்து மூணு தடவை ஆள் வந்தாங்களே, சீனியக்கா?"

"நான் கதவே திறக்கலையே."

சுகந்தி சிரித்துவிட்டாள். நாலு வருஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது குறைவு. மாதிரிக்குச்சியால் அந்தப் பல்லடி ஈற்றைத் தடவிக் கிளைகாட்டியில் செருகினாள். வாயில் வாழும் நுண்ணுயிர்களைப் படித்து, அவை யார் வாயிலிருந்து யார் வாய்க்கு வந்தவை என்று சொல்லும் கருவி அது. ஒரு வாயில் பல வருஷம் வாழும் நுண்ணுயிர், அந்த வாய்க்கே உரிய சிறு மாற்றங்களைப் பெற்றுவிடும். ஊரில் எல்லோருடைய மாதிரியும் பொதுப் பதிவேட்டில் இருந்ததால் சொந்தம் கண்டுபிடிப்பது எளிது.

திரையில் பத்துப் பதினைந்து வரிகள் வந்தன. எலும்பை அரிக்கும் கிருமிகள் ஏழு வகை. அவற்றுக்கு நடுவே, தீங்கில்லாத ஒன்று.

மூலம்: ஆதிரை, ஒன்பது வயதில் பதிந்த மாதிரி. நிலை: உயிருடன்.

சுகந்தி குச்சியை மாற்றி மறுபடி பார்த்தாள். அதே வரிதான் வந்தது.

"சீனியக்கா, பாப்பா மிச்சம் வச்சதைச் சாப்பிட்டீங்களா?"

சீனியம்மாளின் முகம் வெளிறியது. அந்த வீட்டில் ஆதிரைக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, தனித் தம்ளர். சொத்தைப் பல் கிருமி தாயின் எச்சில் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது என்று படித்தவள் சுகந்தி. படித்ததை வீட்டில் சட்டமாக்கினாள். கரண்டியில் ஊதித் தரக் கூடாது, வாயோடு வாய் முத்தம் கூடாது, குழந்தையின் மிச்சத்தை யாரும் தொடக் கூடாது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நானா எடுக்கல. பாப்பா எப்பவும் கடைசி வாயை வச்சிருவா. பாதி கடிச்ச பணியாரத்தை, 'இது உனக்கு சீனிம்மா'ன்னு வாயில திணிச்சிருவா. பிள்ளை ஊட்டறதை எப்படிம்மா துப்ப முடியும்?"

சுகந்திக்கும் ஒரு முறை ஊட்ட வந்தாள் ஆதிரை. கடித்த கொய்யாத் துண்டு. அதைக் குப்பையில் போடச் சொல்லி, கையையும் கழுவ வைத்தாள் சுகந்தி. சரியான காரியம்தான். ஆதிரைக்குச் சாகும்வரை ஒரு சொத்தைப் பல் இல்லை. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது, மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்னம்மா, என்ன தெரியுது அதுல?"

"ஆதிரை வாயில இருந்தது ஒண்ணு, உங்க பல்லுல இன்னும் உசுரோட இருக்குக்கா. உலகத்துல வேற எங்கயும் இல்ல."

சீனியம்மாள் வீங்கிய கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "அப்பப் பிடுங்க வேணாம். இருந்துட்டுப் போகட்டும். வலி எனக்குப் பழகிரும்."

பழகாது. சீழ் எலும்புக்குப் போயிருந்தது. இரண்டொரு நாளில் இரத்தத்தில் கலந்துவிடும். மருந்து கொடுத்தால் கெட்டதோடு சேர்ந்து ஆதிரையுடையதும் சாகும். உறைய வைக்கலாம். ஆனால் ஐஸ் பெட்டிக்குள் ஒரு முறை மகளைப் பார்த்தாயிற்று, இன்னொரு முறை சுகந்தியால் முடியாது.

"உங்களை விட முடியாது அக்கா. பல்லு இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க."

சீனியம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நீங்க எடுத்துக்கங்கம்மா. உங்க பிள்ளைதானே."

"என் வாயில நிக்காதுக்கா."

"ஏன் நிக்காது?"

அந்த உயிருக்கு இயற்கைப் பல் வேண்டும். பல்லையும் ஈற்றையும் பிணைக்கும் நார்களின் இடுக்கில்தான் அது வாழும். உலோக வேரில் அந்த நார் கிடையாது. காவல் நுண்ணுயிர்தான் உண்டு. இதையெல்லாம் மேடையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள்.

"நான் இடம் வைக்கலக்கா," என்றாள்.

மரப்பு ஊசி போட்டாள். குறடு பட்டதும் பல் சிரமமில்லாமல் வந்துவிட்டது. குழியைச் சுத்தம் செய்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். பிறகு எந்த மருத்துவரும் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். முதலில் எடுத்த மாதிரிக்குச்சியைத் தன் ஈறு முழுக்க, மேலும் கீழும், அழுத்தித் தேய்த்தாள். சீழும் இரத்தமும் கரித்தன. சீனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

அதன் பிறகு சுகந்தி தண்ணீர் குடிக்கவில்லை, எச்சிலையும் முடிந்தவரை விழுங்கவில்லை. காத்திருந்த நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டாள். சீனியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. இருவரும் பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து மணிக்குச் சுகந்தி தன் ஈற்றைத் தடவிப் புதுக்குச்சியைக் கருவியில் செருகினாள். திரையைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

சீனியம்மாள் பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டாள். "இருக்காளாம்மா?"

முழுச் சுத்தமான வாய்க்குக் கிளைகாட்டி ஒரு வாழ்த்துச் சொல்லும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராகப் பிரசாரம் செய்த நாட்களில் அதற்குக் குரல் கொடுத்தவள் சுகந்திதான். மகள் இருந்த காலத்துக் குரல், உற்சாகம் பொங்கும் குரல்.

"வாழ்த்துகள்! உங்கள் வாயில் வேறு யாரும் இல்லை."

கருவியை எப்படி நிறுத்துவது என்று சீனியம்மாளுக்குத் தெரியவில்லை. சுகந்திக்குக் கை எழவில்லை. அது இன்னொரு முறையும் சொன்னது.