பனிவீட்டின் வடக்கு வாசல்

அஸ்வினி பசுமலை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கத்திரி வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. மலையடிவாரத்துப் பழைய பங்களா ஒன்றின் மாடியில்தான் அவள் புதிதாகச் சேரும் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று 2004-ல் தயாரித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இங்கிருந்து வீடுகள் வரைந்து அனுப்பினார்கள்.

காலியாக இருந்த ஒரே நாற்காலியில் பையை வைத்தாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்க வேணாம், அஸ்வினி. அது கிரிதரன் சீட்டு" என்றான் புரோகிராமர் விஜய்ஆனந்த், குரலைத் தாழ்த்தி.

கிரிதரன் மாசி மாதம் இறந்துபோனவர். அந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே குளிர்காய்ச்சல் கண்டு, கம்பளி மேல் கம்பளி போர்த்தியும் கதவைச் சாத்தச் சொல்லிப் புலம்பியபடியே போய்ச் சேர்ந்தாராம். பிறகு அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பல் கிட்டித்து நடுங்கி, வேலையே வேண்டாமென்று ஓடிவிட்டார்கள்.

"அப்ப நான் நின்னுக்கிட்டே வரையவாண்ணே?" என்று கேட்டுவிட்டு அஸ்வினி உட்கார்ந்தாள்.

கட்டடக் கலை படித்தும், சைட்டுக்குப் பொம்பளப் பிள்ளை சரிப்படாது என்று மதுரையில் ஒரு காண்ட்ராக்டர் பாக்கியில்லாமல் எல்லோரும் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திரைக்குள்ளாவது ஒரு வீடு கட்டியே தீருவது என்று வந்தவள். பேய் வந்து எழுந்திரு என்றாலும் எழுந்திருப்பதாக இல்லை.

கிரிதரன் பாதியில் விட்ட வீடுதான் அவள் கைக்கு வந்தது. வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற நாட்டில், விறகே எரிக்காமல் கதகதப்பாக இருக்க வேண்டிய வீடு. வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தடிமனான சுவர். வெயிலை உள்ளே வாங்கத் தெற்கே பெரிய கண்ணாடி. கூரை மேல் மண்ணும் புல்லும். உள்ளே ஒரு பொம்மை மனிதனை விட்டு, பனிக்காலத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அவன் பிழைத்தால் வீடு தேறியது.

எல்லாம் கச்சிதம், ஒன்றைத் தவிர. வடக்குச் சுவரில் அகலமாக ஒரு வாசல். அந்த நாட்டில் பனிக்காற்று வருவதே வடக்கிலிருந்துதான்.

முதலாளி சௌரிராஜனிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வடக்கு குபேரன் திசைம்மா. வடக்கு வாசல் இல்லாம இங்கேருந்து ஒரு வீடு வெளிய போகாது. கிரிதரனும் உன்னை மாதிரியே அதை அடைக்கணும்னு சொல்லிச் சொல்லி என்கிட்ட முட்டினான்."

"குபேரன் அந்தப் பனியில வருவாரா சார்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடு தேறாவிட்டால் நீயும் கிளம்பலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளி மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அஸ்வினி தனியாக உட்கார்ந்து பனிக்காலத்தை ஓடவிட்டாள். திரையில் பனி இறங்கத் தொடங்கியது. பொம்மை மனிதன் கட்டிலில் சுருண்டான். மூலையில் வெப்பம் காட்டும் எண் மளமளவென்று சரிந்தது.

மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. கரண்ட் போகவில்லை, விளக்கு எரிந்தது.

எங்கிருந்தோ தைல வாசனை வந்தது. காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறையில் வருமே, அந்த வாசனை.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. உள்ளே அவள் விரல்கள் விறைத்தன. மூச்சு வெள்ளைப் புகையாக வெளியேறியது.

திரையில் வடக்குக் கதவு மெல்லத் திறந்தது.

அங்கே ஒருவர் நின்றார். தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

அவள் வைத்த ஆள் இல்லை.

அஸ்வினியின் கால்கள் ஓடத் துடித்தன. நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா திறக்கிற? நடுங்கி ஓடுறதுக்கு வேற ஆளைப் பாரு. நான் எந்திரிக்க மாட்டேன்."

உருவம் திரும்பவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. தோளைக் கொடுத்து, காலை ஊன்றி, காற்றோடு மல்லுக்கட்டிச் சாத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசியிலிருந்து இதே வேலையாக நின்றிருப்பார் போல.

ஒயர் பிடுங்கிக் கிடந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"சாத்தும்மா."

அவள் பயம் கோபமாக மாறியது. அவர் மேல் அல்ல. மரத்துப்போன விரலால் வடக்கு வாசலைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த இடத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கினாள். வெளியே மண்ணைக் கூரை வரைக்கும் அணைத்தாள். தெற்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு வாசல் வைத்தாள்.

எண் ஏறியது. மின்விசிறி சுழன்றது. துண்டுக்காரர் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

அஸ்வினியின் நெற்றியில் மறுபடி வேர்வை துளிர்த்தது. வேர்வைக்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

"வாசல் எங்க?"

முதுகுக்குப் பின்னால் சௌரிராஜன். சாப்பிட்டுத் திரும்பியவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"அடைச்சுட்டேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"உள்ள இருக்கறவரைக் கேட்டு."

முதலாளி முகம் சிவந்தது. வாசலைத் திரும்ப வை, இல்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு நட என்றார்.

"போகச் சொன்னாப் போறேன். ஆனா இந்த வீட்டுல இனி வடக்கு வாசல் கிடையாது. ஒருத்தரைக் குளிர்ல நிறுத்துனது போதும்" என்றாள் அஸ்வினி. குரலை உயர்த்தவில்லை.

அவர் எட்டி மவுஸைப் பிடித்தார். பிடித்த கையை அப்படியே உதறினார். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. பற்கள் தந்தியடித்தன. படியிறங்கி, கொதிக்கிற முற்றத்து வெயிலில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். மாடியில் அஸ்வினி வீட்டை அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. வீடு தேறிவிட்டது. கூடவே வெளிநாட்டுக்காரர்கள் ஒன்று கேட்டிருந்தார்கள். தெற்குக் கண்ணாடியருகே தலையில் துண்டோடு வெயில் காய்கிறாரே, அந்தப் பாத்திரம் எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, அவர் பெயர் என்ன?

விஜய்ஆனந்த் அனுப்பிய ஃபைலைத் தலைகீழாகப் புரட்டித் தேடினான். பொம்மை மனிதன் ஒருவனைத் தவிர அதில் யாருமே இல்லை. விரல்களில் கட்டோடு வந்த சௌரிராஜன், அந்த உருவத்தை அழித்துவிட்டு வேறு அனுப்பச் சொன்னார்.

"நீங்களே அழிச்சுப் பாருங்க சார்" என்று அஸ்வினி நாற்காலியைப் பின்னால் தள்ளி இடம் விட்டாள்.

யாரும் நெருங்கவில்லை. அவள் மறுபடி முன்னால் நகர்ந்து பதிலில் ஒரு பெயரைத் தட்டினாள். கிரிதரன்.

அனுப்பிவிட்டு வீட்டைத் திறந்தாள். அவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடிக்கு மிக அருகில்.

"அஸ்வினி," விஜய்ஆனந்த் திரையில் அந்தக் கண்ணாடியைக் காட்டி மெதுவாகச் சொன்னான், "இதுக்கு நான் புரோகிராமே எழுதலையே."

கண்ணாடியின் உட்புறம், அவர் வாய்க்கு நேராக, வட்டமாக ஆவி படிந்திருந்தது. அது மறைந்தது. மறுபடி படிந்தது.