போயிட்டு வாங்க

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்த கையோடு, புதுச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து, இஹ்ஸான் பேய்த்தோணிக் கொட்டகையின் பூட்டைத் திறந்தான். உள்ளிருந்து துரு மணமும் ஈர மண்ணின் மணமும் வந்தன. இரத்த வாடை வரவில்லை. வருமென்று பயந்து வந்தவனுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

கிழக்கிலங்கையில், ஒலுவிலுக்கு இப்பால், கடல் வருடாவருடம் கரையைக் கடித்துத் தின்கிற இடத்தில், ஜவாத் முதலாளி ஒரு விளையாட்டுப் பூங்காவைப் போட்டிருந்தார். ஊஞ்சல், ராட்டினம், ஐஸ்கிறீம் கடை எல்லாம் இருந்தன. ஆனாலும் சம்மாந்துறையிலிருந்து டிராக்டர் பெட்டியில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியவர்கள் கேட்டது பேய்த்தோணியைத்தான். இருட்டுக் கொட்டகைக்குள் ஒரு தண்டவாளம். அதன்மேல் தோணி மாதிரிச் செய்த பெட்டிகளை ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். சங்கிலியை ஓட்டுகிற சுவிட்சுக்குப் பக்கத்தில் இஹ்ஸான் நிற்பான். அதுதான் அவனுடைய வேலை.

தோணியில் ஏறுமுன் எல்லோரும் ஒரு சின்ன அறைக்குள் நின்று கதை கேட்க வேண்டும். அந்த அறைக்கு முன்னறை என்றும் அந்தக் கதைக்கு முன்கதை என்றும் பெயர். உண்மையைச் சொன்னால், பயம் முழுவதும் அங்கேதான் இருந்தது. உள்ளே என்ன இருந்தது? தகரத்தில் வெட்டிய நாலு எலும்புக்கூடு, நூலில் ஆடும் ஒரு துணிப் பிணம், ஒரு பழைய விசிறி. மற்றதெல்லாம் கேதீஸ்வரனின் வாய்.

கேதீஸ்வரன் காரைதீவுக்காரன். கல்முனை மட்டக்களப்பு பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். அவன் "உள்ளுக்க போங்க" என்றால் மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸிலும் நாலு பேர் உள்ளே போவார்கள். அந்தக் குரலோடு, கையில் அரிக்கன் லாம்போடு, கடலில் செத்த தண்டையலாக, அதாவது தோணித் தலைவனாக, அவன் முன்னறையில் நிற்பான்.

"என்ர தோணியில ஏறினா கைய உள்ளுக்க வெச்சிருங்க. வெளிய நீட்டின கை எனக்கு."

சொல்லிவிட்டு, பஸ்ஸைத் தட்டுவதுபோல இரும்புக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவான். "ரைட்!" கதவு திறக்கும். கடைசியாக, காதோடு சொல்வதுபோல மெல்லச் சொல்வான்.

"போயிட்டு வாங்க."

அதைக் கேட்டதும் சனம் சிரித்துவிடும். போனால் திரும்பி வரலாம் என்ற ஆறுதல் அந்த வார்த்தையில் இருந்தது. இந்தப் பக்கத்தில் தெருமுனைக் கடைக்குப் போகிறவன்கூட "போறன்" என்று சொல்ல மாட்டான், "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்வான். வெறும் "போ" நாயை விரட்டுகிற சொல். பூங்கா மூடியதும் நண்பர்கள் இருவரும் பிரிவதும் அப்படித்தான். "போயிட்டு வா மச்சான்" என்பான் இஹ்ஸான். "வாறன்டா" என்பான் கேதீஸ்வரன்.

முன்கதை அப்படியே இருந்திருக்கலாம். இருக்க விட்டால்தானே!

முதலில் போன வரி "கடல் வருது." ஒருநாள் அதைக் கேட்ட ஒரு மருதமுனைப் பெண், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முழங்கை கிழியக் கிழியத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஏன் ஓடினாய் என்று யாரும் கேட்கவில்லை. சுனாமி பார்த்த இந்தக் கரையில் அதைக் கேட்கத் தேவையில்லை. கேதீஸ்வரன் தானாகவே அந்த வரியை எடுத்துவிட்டான். அது நியாயமான மாற்றம்.

அடுத்தது முதலாளி டுபாய்க்குப் போய் வந்த பிறகு நடந்தது. அங்கே எல்லாம் திரையில்தான் காட்டுகிறார்களாம். கேதீஸ்வரனின் குரலைப் பதிவு செய்து, முன்னறையில் பெட்டி ஒன்றை மாட்டினார். ஆளைக் கறுப்புத் துணி போர்த்தி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருட்டில் பாய்ந்து பயமுறுத்துகிற பேயாக நிறுத்தினார். மூன்றாவது மாற்றத்தில் கதையையே வெட்டச் சொன்னார். கை பற்றிய வரியும் அதில் போனது.

"முதலாளி, அது பயங்காட்டுற கதையில்ல. அதுதான் எச்சரிக்கை" என்றான் இஹ்ஸான்.

"சனம் வெயில்ல நிக்கிது. நீ கதை சொல்லிக்கொண்டு நிக்கிறாய். வெட்டு!"

அதற்கடுத்த கிழமை ஒரு சின்னப் பிள்ளை தோணியிலிருந்து கையை நீட்டி எலும்புக்கூட்டைத் தொடப் பார்த்தது. கேதீஸ்வரன் பாய்ந்து அந்தக் கையை உள்ளே தள்ளினான். பிள்ளையின் கை தப்பியது. அவன் போர்த்திருந்த துணி சங்கிலியில் மாட்டியது.

அவன் கத்தியது வெளியே நன்றாகக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இஹ்ஸானும் சிரித்தான். இன்றைக்கு மச்சான் நல்லாக் கத்துகிறான் என்றுகூட நினைத்தான். தோணி வெளியே வந்து, அதன் அடிப்பலகையிலிருந்து இரத்தம் ஒழுகுவதைப் பார்த்த பிறகுதான் சுவிட்சை அணைத்தான். சங்கிலி கேதீஸ்வரனைக் கொட்டகையின் பாதி தூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வலது கை தோளோடு பிய்ந்து போயிருந்தது. அதைத் தேடி எடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காரைதீவில் சவப்பெட்டியைத் தூக்கும்போது இஹ்ஸானுக்கு ஒன்றும் ஓடவில்லை. நாக்கு மட்டும் பழக்கத்தில் புரண்டது.

"போயிட்டு வா மச்சான்."

தலையிலடித்து அழுதுகொண்டிருந்த கேதீஸ்வரனின் மனைவி வினோஜா சட்டென்று நிறுத்தினாள். அழுகை நின்ற முகத்தோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்ன நீங்க அண்ணன்? செத்த வீட்டில ஆரும் வரச் சொல்லுவாங்களா?"

அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வாய் தவறிவிட்டது என்றான். வாய் தவறினால் மட்டும் சொன்ன சொல் சொல்லாததாகிவிடுமா?

இப்போது, சில மாதங்களாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையை முதலாளி பெருநாளுக்குத் திறக்கிறார். முன்கதைக்கு ஒரு கொம்பியூட்டர்ப் பெண்குரல் வைத்தாயிற்று. பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேதீஸ்வரனின் குரலை இஹ்ஸானே தன் கையால் அழித்திருந்தான். சனம் வருவதற்குமுன் ஒருதரம் போட்டுப் பார்ப்போம் என்று முன்னறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கினான்.

"அன்பான வாடிக்கையாளர்களே, பேய்த்தோணிக்கு உங்களை வரவேற்கிறோம்." பெண்குரல் தேன் ஒழுகப் பேசி முடித்தது.

அமைதி.

தகரத்துக்கு வெளியே கடல் இரைந்தது.

பெட்டிக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"வெளிய நீட்டின கை எனக்கு."

இஹ்ஸான் வயரைப் பிடுங்கினான். பெட்டியின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. இருந்தும் இரும்புக் கதவு அதிர்ந்தது.

டக். டக்.

அவன் வெளியே ஓடினான். அதற்குள் வெயிலில் சனம் திரண்டு நின்றது. முதலாளி அத்தர் மணக்க நின்று, எல்லோருக்கும் கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டிருந்தார். அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, ஜரிகைச் சட்டையில் இஹ்ஸானின் மகள் றிபா நின்றாள். ஏழு வயது. ஒரே பிள்ளை. தாய் றுஸ்தா ஐஸ்கிறீம் வாங்கப் போயிருந்தாள்.

"முதலாளி, இண்டைக்கு வேணாம்" என்று இஹ்ஸான் காதில் கிசுகிசுத்தான். "அவன் உள்ளுக்க இரிக்கான்."

"யாரு?"

"கேதீஸ்."

முதலாளியின் முகம் கறுத்தது. "பெருநாளும் அதுவுமா என்ர பிழைப்பில மண் போடாத. சனம் ஏறப் பயப்படுது. உன்ர மகளும் நானும் முதல் தோணியில போறம். அதப் பார்த்தா எல்லாரும் ஏறுவாங்க."

"பிள்ளைய விடுங்க முதலாளி!"

"நானும்தானே ஏறுறன். பொத்திக்கொண்டு சுவிட்சுக்குப் போ."

றிபாவோ துள்ளிக்கொண்டிருந்தாள். கேதீஸ் மாமா என்றால் அவளுக்கு உயிர். வரும்போதெல்லாம் அவளுக்கு இனிப்பு, பல்லிமுட்டாய் கொண்டுவருவான். மாமா தூரத்துக்குப் போயிருக்கிறார் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இஹ்ஸான் அவள் கையை எட்டிப் பிடிக்குமுன் முதலாளி அவளை இழுத்துக்கொண்டு முன்னறைக்குள் போய்விட்டார்.

சுவிட்சைத் தொடவே கூடாது என்று இஹ்ஸான் முடிவெடுத்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முதலாளி திட்டட்டும், வேலை போகட்டும், சங்கிலி ஓடினால்தானே தோணி போகும்.

டக். டக்.

"ரைட்!"

யாரும் தொடாத சங்கிலி ஓடத் தொடங்கியது.

இஹ்ஸான் மெயின் சுவிட்சையே இழுத்து அணைத்தான். பூங்காவில் ராட்டினம் நின்றது, பாட்டு நின்றது. சங்கிலி நிற்கவில்லை. அவன் இருட்டுக்குள் பாய்ந்து தண்டவாளத்தில் ஓடினான்.

தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. முதலாளி தோணிக்கு வெளியே கையை நீட்டி, போனைப் பிடித்துப் பேஸ்புக்கில் லைவ் போட்டுக்கொண்டு போனார். "பாருங்க, ஒரு பேயும் இல்ல, பயமும் இல்ல" என்று அவர் சொல்வது கேட்டது.

பிறகு அந்த வெளிச்சம் கீழே விழுந்தது.

முறிகிற சத்தம் முதலில் வந்தது. அலறல் பிறகுதான் வந்தது. ஈரத் துணியை இழுத்துக் கிழிப்பதுபோல ஒன்று கிழிந்தது. சூடாக எதுவோ இஹ்ஸானின் முகத்தில் தெறித்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது.

வெளியே சனம் கைதட்டிச் சிரித்தது.

"றிபா! கைய உள்ளுக்க எடு! கைய எடு மகள்!"

"வாப்பா, இஞ்ச மாமா நிக்கிறார்" என்றாள் றிபா. அவள் குரலில் பயமே இல்லை. "மாமா!"

அவள் கையை நீட்டிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த கணம் அவள் வீரிட்டாள். இஹ்ஸான் தோணியின் விளிம்பைப் பிடித்து ஏறி மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவளுடைய கையை இருட்டிலிருந்து ஏதோ இழுத்தது. அவன் தடவிப் பார்த்தான். மகளின் மணிக்கட்டைச் சுற்றி, குளிர்ந்த, மண் ஒட்டிய விரல்கள். இடது கை ஒன்று மட்டும்தான். வலது பக்கம் தோளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

மகளின் கையில் எலும்பு முறிவது அவன் நெஞ்சில் கேட்டது.

"விடு மச்சான்" என்று கெஞ்சினான். "என்ர பிள்ளைடா. உனக்குத் தெரியாதா?"

காதோடு, ஈர மண் மணக்க, அந்தக் குரல் வந்தது.

"நீதானே வரச் சொன்னாய். வந்தன்."

அப்போதுதான் இஹ்ஸானுக்கு எல்லாம் விளங்கியது. அவிழ்க்க வேண்டிய முடிச்சு தன் வாயில்தான் இருந்தது. இருந்தாலும் எப்படிச் சொல்வது? ஒன்றாகச் சோறு தின்றவனைப் பார்த்து, பிள்ளையைக் காப்பாற்றச் செத்தவனைப் பார்த்து, அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? றிபா மறுபடி வீரிட்டாள். அவன் அழுதுகொண்டே கத்தினான்.

"போ! போடா! இனி வராத! போ!"

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சங்கிலி நின்றது. இருட்டில் யாரோ கால்களை இழுத்து இழுத்து நடந்து போவது கேட்டது. அந்தக் காலடியில் இருந்த துக்கத்தை இஹ்ஸானால் தாங்க முடியவில்லை. மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினான். அவளும் அவன் தோளில் ஏதோ முனகினாள். என்னவென்று அவனுக்குக் கேட்கவில்லை.

முதலாளி உயிரோடு கிடந்தார். அவருடைய வலது கையைக் கொட்டகை முழுக்க டோர்ச் அடித்துத் தேடினார்கள். கிடைக்கவே இல்லை. தரையில் கிடந்த போன் மட்டும் இன்னும் லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பகல், ஆஸ்பத்திரி வார்ட்டில் நல்ல வெயில் விழுந்தது. றிபாவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். பிள்ளைக்கு உயிராபத்து இல்லை, கையும் பொருந்திவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். றுஸ்தா தொழப் போயிருந்தாள். இஹ்ஸான் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து முதல்தடவையாக அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"வாப்பா."

"என்ன மகள்?"

"நீங்க மாமாவுக்கு ஏன் அப்படி ஏசினீங்க?"

அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"வெறும் 'போ' எண்டு ஆரும் சொல்லுவாங்களா? உம்மா கேட்டா அடிப்பா" என்றாள் றிபா, பெரிய மனுஷி போல. "பாவம் மாமா. அழுதுகொண்டு போனார். அதுக்காக நான் சொன்னன்."

இஹ்ஸானின் கை அவள் தலைமேல் அப்படியே நின்றது.

"என்ன சொன்ன நீ?"

"போயிட்டு வாங்க மாமா எண்டு."

அடுத்த கட்டிலில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தாதி தூரத்தில் முதுகு காட்டி நின்றாள். அவர்களுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

கட்டிலின் இரும்புக் கம்பி அதிர்ந்தது.

டக். டக்.

றிபாவின் முகம் மலர்ந்தது. கட்டுப் போடாத மற்றக் கையை அவள் கட்டிலுக்கு வெளியே நீட்டினாள்.