ஒரு கை குறைந்தது

ஞாயிறு பூசை முடிந்ததும் நான் ஸ்பேனருடன் கிளம்புவேன். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் எனக்குத்தான் ஆள் வரும். குழாய் ரிப்பேர் என் படிப்பு இல்லை. என் படிப்பு தொழில்நுட்பக் கொள்கை, முனைவர் பட்டம். ஆனால் வட்டத்தில் குடியிருக்கும் ஆய்வாளன் குழாயும் பார்க்க வேண்டும், கல்யாணத்தில் பந்தியும் பரிமாற வேண்டும், சாவு விழுந்த துட்டி வீட்டில் நாற்காலியும் போட வேண்டும். இதெல்லாம் தெரியாதவன் பட்டம் வாங்கியதில்லை.

ஏனென்றால் இப்போது பட்டம் தருவது பல்கலைக்கழகம் இல்லை. வட்டத்து மக்கள்.

ஒரு காலத்தில் கம்பெனிக்காரன் நீட்டிய தாளில் எல்லாம் பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இந்தக் கருவி நல்லது, அந்தச் செயலி ஆபத்தில்லை என்றார்கள். ஜனங்கள் அனுபவித்தபின் நம்புவதை நிறுத்தினார்கள். கல்லூரிகள் காலியாகின, சில எரிந்தன. அதன்பிறகு வந்தது கைதூக்குச் சட்டம். ஆய்வாளன் ஒரு வருடம் ஒரு வட்டத்தில் வாழ வேண்டும். கடைசியில் மண்டபத்தில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் கை உயர்ந்தால் பட்டம், அவன் முடிவு அரசு நடவடிக்கைக்குப் போகும். உயராவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

நம்பிக்கை திரும்பியது உண்மைதான். ஆய்வேட்டை மட்டும் யாரும் படிப்பதில்லை. நல்ல பையனா என்று பார்த்துக் கை தூக்குவார்கள்.

எனக்கு விழுந்தது தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு வட்டம். தலைப்பு தடங்காட்டி. பன்னிரண்டு வயதில் பிள்ளையை ஒரு பெட்டிக்கு முன் உட்கார வைப்பார்கள். கண், விரல், குரல் எல்லாவற்றையும் அளந்து பெட்டி மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டையைத் துப்பும். பிள்ளை எந்தப் படிப்புக்கு என்பது அந்தப் பட்டையில் இருக்கும். அதன்பிறகு பாடம், வாத்தியார், சீட் எல்லாமே பட்டைப்படிதான். சிபாரிசு இல்லை, லஞ்சம் இல்லை. வலை இழுத்தவன் மகள் டாக்டரானாள். இந்த ஜனங்கள் அந்தப் பெட்டியைக் கும்பிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. நானும் அதைப் புகழ்ந்து எழுதத்தான் வந்தேன்.

ஸ்டெல்லாக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு. அவள் மகள் கார்மெல் மருத்துவத் தடம், மாவட்டத்திலேயே முதல் மார்க். பக்கத்து வீட்டு நெஸ்லின் ஐஸ் பிளான்ட் தடம். ஒருநாள் மத்தியானம் சாளை மீன் குழம்புக்குக் கார்மெல் கையை நீட்டினாள். பட்டை நீலமாகப் பளபளத்தது.

"நல்ல கலர்" என்றேன், பேச்சுக்கு.

"அது என்னோடது அண்ணே" என்றாள் நெஸ்லின். "பன்னெண்டு வயசுல இவளுக்குப் பச்சை வந்துச்சு. நீலந்தான் வேணும்னு ஒரே அழுகை. மாத்திக்கிட்டோம்."

"பேர் பதிஞ்சிருக்குமே?"

"மொத நாள் பட்டையே பேரு கேட்கும். அவ அவ பேரச் சொன்னோம். முடிஞ்சுது" என்று கார்மெல் சிரித்தாள்.

பெட்டி மருத்துவத்துக்கு அளந்தது நெஸ்லினை. ஐந்து வருடமாக நீலப் பட்டையைப் பார்த்துப் பார்த்து வாத்தியார்கள் பாடம் ஊட்டியது கார்மெலுக்கு. பச்சையைப் பார்த்தவர்கள் நெஸ்லினை ஐஸ் உடைக்க அனுப்பினார்கள். பெட்டிக்கு ஆள் மாறியதே தெரியாது. அது யாரிடமும் திறமையைக் கண்டுபிடிக்கவில்லை, பட்டையால் ஆக்கிவிட்டிருக்கிறது.

இதை மண்டபத்தில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"பேரோடயே சொல்லுங்க. அந்தப் பொட்டி மானம் போகட்டும்" என்றாள் கார்மெல். நெஸ்லின் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. வட்டத் தலைவர் ஃபெலிக்ஸ் அண்ணாச்சி மைக்கைக் கொடுத்துவிட்டுக் காதில் சொன்னார். "தம்பி, சுருக்கமா முடி. பிரியாணி ஆறுது."

நான் சுருக்கவில்லை. பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தடங்காட்டியை நிறுத்த வேண்டும் என்று முடித்தேன்.

"எந்தப் பிள்ளையச் சொல்லுதிய?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கார்மெல் எழுந்து மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "நானும் நெஸ்லினும்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"அப்போ டாக்டர் சீட்டு நெஸ்லினுக்குல்லா சேரணும்?" என்றான் ஒருவன்.

"அடுத்த பிள்ள சீட்ட முழுங்கிட்டாளே!" என்றார் கார்மெலின் மாமா.

"ஏட்டி, இதுக்கா உன்னைய வளத்தேன்?" ஸ்டெல்லாக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, மாவட்டத்துல மொத மார்க் எடுத்தவ நான்லா! நான் எப்பிடித் திருடியாவேன்?" கார்மெல் கத்தினாள்.

"நீயா எடுத்த? பட்டை எடுத்துக் குடுத்துச்சு!" என்றார் மாமா.

என் ஆய்வேட்டின் சாரத்தைத்தான் அவர் சொன்னார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஃபெலிக்ஸ் அண்ணாச்சி என் தோளில் தட்டினார். "பெரிய உபகாரம் தம்பி. பொட்டி தப்பு செய்யல, நாமதான் பொட்டிய ஏமாத்தியிருக்கோம். சீட்ட மாத்திருவோம். ஆங், கையத் தூக்குங்கய்யா!"

மண்டபம் முழுக்கக் கை. ஸ்டெல்லாக்காகூட அழுதுகொண்டே தூக்கினாள். திருடியைப் பிடித்துக் கொடுத்தவனுக்குப் பட்டம்.

கடைசிக் கை ஆய்வாளனுடையது. என் முடிவை வட்டம் சரியாகப் புரிந்துகொண்டது என்று அந்தக் கைதான் சத்தியம் செய்கிறது. அது உயராவிட்டால் ஆய்வு செல்லாது, அதை வைத்து யாரும் எதையும் மாற்ற முடியாது. வெறும் சடங்கு. உயர்த்தாதவன் எவனும் இல்லை.

"நீயும் கையத் தூக்குல" என்றார் அண்ணாச்சி.

"மாட்டேன்."

"பைத்தியமா? வருசம் பூரா குழா பாத்திருக்க!"

"நான் பாத்த குழாய் ஒழுகாது அண்ணாச்சி. நான் சொன்னது உங்க யாருக்கும் மண்டையில ஏறல. ஏறினதா நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள். கல்வித் துறையிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர், தூக்கிவிட்டுப் பிறகு மேல்முறையீடு செய்யலாம் என்று இங்கிலீஷில் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மண்டபத்தின் கைகள் வலித்து ஒவ்வொன்றாக இறங்கின.

சீட் மாறவில்லை. கார்மெல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாள். தடங்காட்டியும் நிற்கவில்லை. படிப்பை விட்டு வட்டத்திலேயே தங்கிய என்னை ஐஸ் பிளான்ட் இரவு ஷிப்டுக்கு எடுத்துக்கொண்டது. காலையில் ஷிப்ட் மாறும்போது நெஸ்லின் வருவாள். அப்படியே ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க கைய மடக்குனீங்க, அவளுக்கு சீட்டு நின்னுச்சு. எனக்கு என்ன நின்னுச்சு?"

நான் என் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"பொட்டி என்னைய டாக்டர்னுச்சு. நீங்க பொட்டி பொய்ன்னீங்க. ஊரு எனக்கு சீட்டு வாங்கித் தாரேன்னுச்சு. எவனாவது எங்கிட்ட கேட்டியளா?"

"இல்ல" என்றேன்.

"மண்டபத்துல ஆய்வாளர்தான் பேசணும்னு சட்டம் இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

அந்த ஞாயிறு எனக்குப் பின் வட்டத்துக்கு வந்த ஆய்வாளன் முறை. அவன் வணக்கம் சொல்லி முடிக்கும் முன் நெஸ்லின் மேடை ஏறினாள். ஐஸ் பிளான்ட் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள். ஃபெலிக்ஸ் அண்ணாச்சி மைக்கை அணைத்தார். நல்ல பிள்ளை, பாவம், எதையாவது பேசிவிட்டுப் போகட்டும் என்று முன்வரிசையில் பாதிப் பேர் அதற்குள் கையைத் தூக்கிவிட்டார்கள்.

"கைய இறக்குங்க" என்றாள் நெஸ்லின். மைக் இல்லாமலே அது கடைசி வரிசைவரை கேட்டது. "ஒருத்தரும் தூக்கக் கூடாது. நான் பேசி முடிக்கிற மட்டும் கேளுங்க."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, பேச ஆரம்பித்தாள்.