கை வைக்காத இடம்

சௌரிராஜனுக்கு நடைப் பைத்தியம் பிடித்தது 1936 சித்திரையில். கொடைக்கானலில் துரைமார்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்று கலெக்டர் கச்சேரியில் யாரோ சொல்லிவிட்டார்கள். இவர் அங்கே சாதாரண குமாஸ்தா. கொடைக்கானல் போக வக்கில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடம் காய்ந்து பாலைவனமாகக் கிடந்தது. அது போதாதா? ஒரு பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, குடும்பத்தோடு மணலில் இறங்கிவிட்டார்.

"வெயில் தாழப் போகலாமேன்னா," என்றாள் மனைவி குமுதவல்லி.

"ஒரு துரைசானி இப்படிச் சொல்வாளா?"

பன்னிரண்டு வருஷமாக அந்த மூளையின் ஆழத்தை அளந்தவள் அவள். ஆறு வயசுப் பூமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டைப் பறிகொடுத்த பிறகு தங்கிய குழந்தை.

நடு ஆற்றில் கூஜாத் தண்ணீர் தீர்ந்தது. இரண்டு கரையும் கானலில் மறைந்துவிட்டன. காற்றில்லை, ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. பூமாவின் உதடு வெடித்திருந்தது.

வெள்ளரிக் கொல்லை ஒன்று வந்தது. காவலிருந்த பாப்பாயி, மணலில் தான் தோண்டிய ஊற்றைக் காட்டினாள். "நல்ல தண்ணிங்க சாமி. புள்ளைக்குக் குடுங்க."

சௌரிராஜன் மூக்கைச் சுளித்தார். இவள் தொட்ட தண்ணீரையா குடிப்பது? இருபதடி தள்ளி, காலடியே படாத மணல் தெரிந்தது. விறுவிறுவென்று அங்கே போய் உட்கார்ந்தார்.

"அங்க வேணாங்க சாமி! அங்க நாங்க யாரும் கை வைக்கிறதில்ல."

"நீங்க கை வைக்காத இடம்தான் எனக்கு வேணும்."

இரண்டு பிடி மணல் எடுத்ததுமே தண்ணீர் வந்துவிட்டது. சித்திரையில் அப்படி வராது. நாள்பட்ட ஈரத்துணியின் வாடை அடித்தது. குமுதவல்லி வேண்டாம் என்பதற்குள் பூமா குனிந்து கையை விட்டுவிட்டாள்.

கை திரும்பி வரவில்லை.

"அம்மா," என்றாள் மெதுவாக. "யாரோ பிடிச்சிண்டிருக்கா."

முழங்கை வரை உள்ளே போயிற்று.

பிறகு தோள் வரை.

பாப்பாயி படலைத் தாண்டி ஓடிவந்தாள். குழந்தையைப் பிடிக்கப் போனவளை அந்த மகானுபாவர் குறுக்கே நின்று தடுத்தார்.

"தொடாதே!"

குமுதவல்லி அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் போய் விழுந்தார்கள். இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள். கீழேயிருந்தும் இழுத்தார்கள்.

சட்டென்று பிடி விட்டது. பூமாவின் மணிக்கட்டில் கருநீலமாய் ஐந்து விரல் தடம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சௌரிராஜனுக்கு வந்த முதல் கவலை, பாப்பாயி தொட்டுவிட்டாளே என்பதுதான். குழந்தையைக் கிணற்றடிக்கு விரட்டினார்.

குமுதவல்லி அவள் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டாள். மணிக்கட்டில் இருந்த தடம் முழங்கையில் தெரிந்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து இன்னொரு சொம்பு விட்டாள்.

தடம் தோளுக்கு வந்தது.

ஐந்து விரலும் கழுத்தைப் பார்த்து நீண்டிருந்தன.

"இன்னும் ரெண்டு சொம்பு விடு," என்று உள்ளேயிருந்து அதட்டினார். "தீட்டு போக வேண்டாமா?"

"தீட்டு உங்க மூளையில இருக்கு!" என்று கத்தி, சொம்பை வீசி எறிந்தாள். குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பூமாவின் தலையில் தண்ணீர் விழுவது நிற்கவில்லை.