தட்டாதவன்

பதினேழு கிண்ணம் சூப் உள்ளே போனது. பதினாறுதான் காலியாக வெளியே வந்தது. பதினேழாவதில் சூப் ஏடு படிந்து, கரண்டி வைத்தது வைத்தபடி இருந்தது. அது தன் மனைவியின் தம்பியுடையதாகத்தான் இருக்கும் என்று வால்வுக்காரர் நினைத்தார். வீட்டிலும் அந்தத் துரைக்கு எதைப் போட்டாலும் பிடிக்காது.

மீட்புக் கப்பலின் அடித்தளத்தில், எண்ணெயும் ஈர ரப்பரும் நாறும் நீண்ட கூடத்தில், பேருந்து அளவு இரும்பு உருளையாக அந்த அழுத்த அறை கிடந்து முனகிக்கொண்டிருந்தது. பழுதாகிக் கடலடியில் கிடந்த நீர்மூழ்கியில் தண்ணீர் புகுந்து காற்றை நெருக்கிவிட்டது. அதை ஐந்து நாள் சுவாசித்தவர்களைச் சட்டென்று வெளியே விட்டால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் நுரைத்துச் செத்துப்போவார்கள். அதனால் மீட்புக் கலம் கீழே போய், அந்த நீர்மூழ்கியின் வாசலோடு வாய் பொருத்தி ஆட்களை ஏற்றி, நேராக இந்த உருளைக்குள் இறக்கியது. மூன்று நாள் வால்வைத் துளித்துளியாகத் திறந்து அழுத்தத்தைக் குறைப்பது இவர் வேலை. இருபது வருடமாக இதையே செய்வதால் இவருடைய பெயர் கப்பலில் யாருக்கும் தெரியாது. இவரும் மற்றவர்களை அதற்கு மேல் மதித்ததில்லை.

வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பதினாறு பேர் இந்தக் கோடியில், ஒருவர் மடியில் ஒருவராக ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடி பெஞ்சில், தொலைபேசிக்குப் பக்கத்தில், மச்சான் தன்னந்தனியாக, முழங்கால்மேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தான்.

மீட்புக் கலத்தை ஓட்டியவன் காறித் துப்பாத குறையாகச் சொல்லியிருந்தான்.

"இவங்கள்லாம் மனுஷங்களா? பின்னாடி ஒருத்தன் ஏணியில ஏறி வந்துட்டு இருக்கான். கதவை மூடு, மூடுன்னு என் சட்டையைப் பிடிச்சு உலுக்குறாங்க. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன். கையா அது, ஐஸ்."

உயிர்மேல் ஆசை வந்தால் இவ்வளவுதான் வீரம் என்று வால்வுக்காரர் அந்தப் பதினாறு பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தார்.

ஒரு கணக்குதான் இடித்தது. நீர்மூழ்கிக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. அடியில் மாட்டிக்கொண்டால், மணிக்கொரு தடவை, உயிரோடிருக்கும் ஒவ்வொருவரும் இரும்புச் சுவரில் ஒரே ஒரு முறை தட்ட வேண்டும். மயங்கிக் கிடப்பவன் கையைக்கூடப் பக்கத்தில் இருப்பவன் பிடித்துத் தட்டவைக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் கருவி வைத்துக் கேட்டு எண்ணிக்கொள்வார்கள். கடைசி நாள் முழுக்கக் கேட்டது பதினாறு. மேலே வந்தது பதினேழு.

மீட்புத் தலைவர் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். எந்தப் புயலிலும் உடுப்பின் மடிப்பு கலையாததால் அவருக்கு இஸ்திரி என்று பட்டப்பெயர்.

"குறைஞ்சா அழலாம். கூட ஒருத்தன் வந்ததுக்கு ஒப்பாரி வைக்கிற ஒரே ஆள் நீதான்யா. பதிவேட்டுல பதினேழுன்னு திருத்து."

வால்வுக்காரர் திருத்தினார், கையெழுத்தும் போட்டார். அழுது அழுது குரல் போயிருந்த மனைவிக்குத் தகவலும் அனுப்பினார். மச்சானை அவருக்கு ஆகாதுதான். ஆனாலும் அவன் பிழைத்ததில் சந்தோஷப்பட்டார்.

இரண்டு மணிக்கு உருளைக்குள் தட்டல் கேட்டது.

டண். இடைவெளி. டண். கண்ணாடியருகே ஒவ்வொருவனும் தன் கையால் ஒரு முறை தட்டினான். பழக்கதோஷம், இன்னும் கடலடியில் இருப்பதாக நினைப்பு என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். எண்ணவும் செய்தார். பதினாறு. மச்சானின் கைகள் முழங்கால்மேலேயே இருந்தன.

மூன்று மணிக்குக் கேட்ட தட்டல் பதினைந்துதான்.

கண்ணாடியில் முகத்தை வைத்தார். தலைகள் பதினேழு. ஆனால் அந்தக் கோடி பெஞ்சில் இப்போது இரண்டு பேர். யாரும் நடந்து போனதை அவர் பார்க்கவில்லை. இருவர் கைகளும் முழங்கால்மேல். இந்தக் கோடியில் இருந்தவர்கள் வாயைத் திறந்து கத்தினார்கள். தடித்த இரும்பு எதையும் வெளியே விடவில்லை. தொலைபேசி அந்தக் கோடியில்.

வெளியே அவர் பக்கத்துத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தார்.

"மாமா," என்றான் மச்சான் நிதானமாக. "இவங்களைச் சும்மா இருக்கச் சொல்லுங்க. பேஜாரா இருக்கு."

மச்சானின் குரல்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சுதான் இல்லை.

கதவைத் திறந்தால் மிச்சமிருப்பவர்கள் நுரைத்துச் சாவார்கள். திறக்காவிட்டால்... அவர் இஸ்திரியிடம் ஓடினார்.

"நீயே கையெழுத்துப் போட்டிருக்க, பதினேழு பேர் உயிரோடன்னு. இப்ப பேய்க்கதை சொல்ற. தூக்கம் கெட்டுப்போச்சுய்யா உனக்கு. போய்ப் படு."

மறுநாள் காலையில் கேட்ட தட்டல் ஒன்பதுதான். மாலையில் நான்கு. அவர் சாப்பிடவில்லை, படுக்கவில்லை. வால்வு கைக்குள் வழுக்கியது.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஒன்று.

ஒரே ஒருவன் கண்ணாடியோடு ஒட்டி நின்றான். அவரையே பார்த்தான். உதடுகள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லின. மூடு. மூடு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோழை. திறந்தபோது அவன் அங்கே இல்லை.

அடுத்த மணிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பாடா, அடங்கினாங்க," என்றார் இஸ்திரி, மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு. அழுத்தமுள் பூஜ்யத்தைத் தொட்டது. கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டிருந்தது; பத்திரிகைப் படக்காரர்கள் கூடத்தில் முண்டினார்கள். முன்னால் வால்வுக்காரரின் மனைவி.

அவர் கதவை மறித்து நின்றார். "வேணாம். உள்ள இருக்கிறது உன் தம்பி இல்ல. சொன்னாக் கேளு."

"என் தம்பி பொழைச்சு வந்தது உங்களுக்குப் பொறுக்கல, இல்ல? அவன் நிழலைக் கண்டாலே ஆகாதே உங்களுக்கு. தள்ளுங்க."

அவள் பார்த்த பார்வையில் ஒரு புழுவுக்குரிய மரியாதைகூட இல்லை. இரண்டு சிப்பாய்கள் அவர் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள், வட்டக் கண்ணாடிக்கு நேராக.

உள்ளே பெஞ்சுகள் காலி.

பதினேழு முகங்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கன்னத்தோடு கன்னம் நெருக்கி, மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அவளையே பார்த்தன. அத்தனை வாய்களும் திறந்திருந்தன.

கண்ணாடியில் மூச்சுப் பனி படியவே இல்லை.

"இதோ வந்துட்டேன்டா," என்று மனைவி இரண்டு கைகளாலும் கதவுச் சக்கரத்தைச் சுழற்றினாள்.