விமானக் கொட்டகைக்குப் பின்னால்

"ஏண்டி, நீ யாரையும் ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டேங்கறே?"

பாலு மாமா ஒருநாள் பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டே பிரியம்வதாவிடம் கேட்டது அது. அவள் வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கல்கத்தா காளிகாட்டில் பெரியப்பா வீட்டோடு வந்துவிட்ட பெண். அந்த வீட்டில் அவளிடம் வேலை ஏவாமல் பேச்சுக் கொடுப்பவர் பாலு மாமா ஒருவர்தான்.

1998, பிப்ரவரி. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறரை மணி. விளக்கேற்ற வந்த பெரியம்மா ஜெயலக்ஷ்மி, கூடத்துக் கண்ணாடி அலமாரி முன் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்னா! கப்பைக் காணோமே!"

வெள்ளிக் கோப்பை. பாரக்பூர் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில், அறுபத்து நாலாம் வருஷம் பெரியப்பா வீரராகவன் ஜெயித்தது. அதற்குப் பிறகு அவர் பந்தயத்தில் இறங்கவில்லை. தேயிலைக் கம்பெனியில் ஆபீசராகி ரிட்டயரும் ஆகிவிட்டார். கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த போட்டோ மட்டும் இப்போது தனியாக நின்றது. அதில் கார் தெரியும், நம்பர் தெரியும். ஓட்டுகிறவர் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு, புழுதிக்கு மூக்குவரை கைக்குட்டை கட்டியிருப்பார்.

அலமாரிச் சாவி பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. கண்ணாடிக் கதவின் உள்பக்கம் எண்ணெய் விரல்களின் தடம்.

பெரியம்மா திரும்பி, சமையலறை வாசலில் ஜல்லிக்கரண்டியோடு நின்ற பாலு மாமாவைப் பார்த்தாள். அவர் பெயர் பாலசுப்ரமணியன். பெரியப்பாவின் பந்தயக் காருக்கு அந்த நாளில் மெக்கானிக். பிறகு துறைமுகப் பட்டறையில் வேலை. மனைவி காலமான பிறகு இந்த வீட்டின் பின்பக்க அறையில் குடியிருக்கிறார். ஞாயிறு மாலை பஜ்ஜி அவர் பொறுப்பு.

"நாலு மணிக்கு அந்தக் கார் கண்காட்சிக்குக் கூப்பிட சிவராம் வந்து பாத்துட்டுப் போனப்போ கப்பு இருந்தது. அப்புறம் நான் பக்கத்தாத்துல. பிரியம்வதா மொட்டை மாடியில துணி எடுத்துண்டிருந்தா. அவர் வாக்கிங். ஆத்துக்குள்ள இருந்தது நீங்க ஒருத்தர். கையெல்லாம் எண்ணெயோட."

பாலு மாமா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலம்பற ரூமைக் காலி பண்ணிடுங்கோ. போலீசுக்குப் போகாம விடறதே பழகின தோஷத்துக்காகத்தான்."

பிரியம்வதாவுக்கு அழுகை வரவில்லை. நாளைக்குப் பாலு மாமா இருக்கமாட்டார் என்பதை, யாரோ வேறொரு வீட்டுச் செய்தியைப் போல மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரியிடம் போய், கண்ணாடித் தடத்தில் ஒரு விரலை ஒற்றி முகர்ந்தாள்.

இரவு எட்டு மணி. பெரியம்மா தயிருக்கு உறைகுத்திக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, நம்மாத்துல கடுகெண்ணெய் இருக்கா?"

"அந்த நாத்தத்தை நான் வாசப்படி ஏற விடுவேனா? கல்கத்தாவுக்கு வந்த நாளா கடலை எண்ணெய்தான். என்ன திடீர்னு?"

"ஒண்ணுமில்லே."

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. அதன் மடிப்பில் ஒற்றைப் பொரி சிக்கியிருந்தது.

"பெரியப்பா, சாயங்காலம் எதுவரைக்கும் நடந்தேள்?"

"பார்க் வரைக்கும்."

"வழியில எங்கேயாவது நின்னேளா?"

"இல்லை. நீ என்ன, போலீசா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். அன்று மாலை அவர் பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கோப்பை காணாமல் போனது தெரிவதற்கு முன்பே தள்ளிவிட்டார். டாக்டர் வேண்டாம் என்றும், பெரியம்மா ஞாயிறு மட்டும் ரெண்டு என்றும் சொல்லியிருந்த பஜ்ஜி அது. பெரியம்மாவின் கணக்கை வாரந்தவறாமல் நாலாக்குகிறவர் அவர்.

தின்பதற்கு முன்னால் அவர் தட்டிலேயே பந்தயம் ஓட்டியாக வேண்டும். வாழைக்காய் பஜ்ஜிகளைத் தட்டைச் சுற்றி அடுக்குவார். "இது நேர் ரோடு. இது வைக்கோல் கட்டு வளைவு." நடுவில் போண்டாவை வைப்பார். "இது விமானக் கொட்டகை. இதுக்குப் பின்னால போனா வண்டி மறைஞ்சுடும். கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. முதல்ல சத்தம் வரும், அப்புறம்தான் வண்டி வரும்." சொல்லிவிட்டுக் கொட்டகையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

இந்த வாரம் அந்தப் பந்தயமும் நடக்கவில்லை.

பின்பக்க அறையில் பாலு மாமா டிரங்குப் பெட்டியில் வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்கலேன்னு ஏன் மாமா சொல்லலே?"

"அடேயப்பா, கேள்வி கேக்கறியே!" சிரிக்கப் பார்த்தார். "நான் சொல்றதுல என்ன இருக்கு? வீரு சொல்லுவான். அதுக்குத்தான் காத்துண்டிருக்கேன்."

"மாமா, அந்தக் கொட்டகைக்குப் பின்னால என்ன இருந்தது?"

"புளிய மரம். நிழல்ல ரோடு காயவே காயாது. அங்கே ஆக்ஸிலரேட்டர்லேந்து காலை எடுத்துடணும், இல்லேன்னா பின்சக்கரம் வழுக்கி..."

அவர் வலது பாதம் தரையிலிருந்து லேசாக எழும்பியது. பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார்.

திங்கட்கிழமை, காலை எட்டு மணி. கூடத்தில் மூன்று பேர். வாசற்பக்கம் டிரங்குப் பெட்டியோடு பாலு மாமா. பிரியம்வதா சுவரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, அலமாரியில இருக்கறது கடுகெண்ணெய். இன்னும் வாசனை போகலே, பாருங்கோ. பாலு மாமா பொரிச்சது கடலை எண்ணெயில. தெருமுனைக் கடையில பேகுனின்னு கத்திரிக்காய் பஜ்ஜியோட பொரி குடுப்பா, பச்சைக் கடுகெண்ணெய் விட்டுக் கலந்து. நேத்திக்கு வாக்கிங்ல அதைத் தின்னுட்டு வந்த கைதான் அலமாரியைத் திறந்தது. பெரியப்பா ஸ்வெட்டர்ல பொரி ஒட்டிண்டிருந்தது."

பெரியம்மா கண்ணாடியிடம் போய் முகர்ந்தாள். முகம் சுளித்தது. பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நன்னாத்தான் இருக்கு! தன்னாத்துச் சாமானை யாராவது திருடுவாளா?"

"திருடலே. ஒளிச்சு வெச்சிருக்கார். எங்கேன்னு எனக்குத் தெரியாது, பெரியப்பாவுக்குத்தான் தெரியும்." சுவரைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "பாலிகஞ்ச்ல பழைய கார் கண்காட்சி. சிவராம் அண்ணா என்ன கேட்டார்? பழைய பந்தயக்காரா நாலு பேர் வரா, கப்பையும் வெச்சுண்டு ஒவ்வொரு வளைவா மைக்ல சொல்லணும்னார். கப்பு தொலைஞ்சுபோச்சுன்னா போக வேண்டாம்."

"போனா என்ன? வாராவாரம் தட்டுல சொல்றதுதானே?"

"அதுல ஒரு இடம் தப்பு, பெரியம்மா. கொட்டகைக்குப் பின்னால போனா வண்டி மறைஞ்சுடும்கறார். ஓரத்துல நின்னு பாக்கறவாளுக்குத்தான் வண்டி மறையும். ஓட்டறவாளுக்கு எப்படி மறையும்? அங்கே புளிய மரம் இருந்ததும் ரோடு ஈரமா இருந்ததும் பாலு மாமாவுக்குத்தான் தெரியறது."

வெளியே ரிக்‌ஷாக்காரன் மணியைத் தட்டிக்கொண்டு போனான்.

பெரியப்பா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அவருடைய மங்கி கேப் இருந்தது. கோப்பையை அதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பிராக்டீஸ்ல ஒருத்தன் கவிழ்ந்துட்டான். என் கண் முன்னாடியே. எனக்குக் கை நடுக்கம் நிக்கலே. பாலுதான் என் ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுண்டான். யாருக்கும் தெரிய வேண்டாம்னு சொன்னதும் அவன்தான்." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பாலு, ஜெயா உன்னைச் சொன்னப்போ... ராத்திரி சொல்லிடலாம்னு நெனைச்சேன். அப்புறம் காலம்பற சொல்லிடலாம்னு..."

"ஐயோ, நான் என்னெல்லாம் சொல்லிட்டேன்!" பெரியம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உள்ளே வாங்கோ. காப்பி கலக்கறேன். முதல்ல அந்தப் பெட்டியைக் கீழே வைங்கோ."

பெரியப்பா கோப்பையை எடுத்து நீட்டினார். பாலு மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நேற்று மாலை பார்த்த அதே மாதிரி. இந்த முறை பெரியப்பாவின் கையில் செய்தித்தாள் இல்லை.

பிரியம்வதாவுக்கு ஒரு கேள்வி வாய்வரை வந்தது. இனி எங்கே போவீர்கள் மாமா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

பாலு மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கயிற்றில் செருகியிருந்த ஜல்லிக்கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, அவள் தலையில் ஒரு தரம் கையை வைத்தார். பெரியப்பாவின் கை கோப்பையை நீட்டியபடியே இருக்க, படியிறங்கிப் போனார்.